வீட்டில் கட்டிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல்: எங்கே நுழைகிறது, எப்படி நிறுத்துவது

வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கட்டி முடித்து முதல் தடவை சுவிட்ச் போட்டால், பெரும்பாலும் முதலில் கேட்பது கிட்டார் அல்ல, இரைச்சல்தான். உடனே கை சால்டரிங் அயர்னைத் தேடும். கெப்பாசிட்டரை மாற்றலாமா, வால்வை மாற்றலாமா என்று தோன்றும். அப்படி மாற்றிக்கொண்டே போனால் காசும் கரையும், நன்றாக இருந்த இணைப்புகளும் கெடும். இரைச்சல் எந்த இடத்தில் நுழைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இடம் தெரிந்துவிட்டால், ஒரு வயரை நகர்த்துவதோ ஒரு எர்த் இணைப்பை அவிழ்த்து வேறு இடத்தில் பற்றவைப்பதோ மட்டுமே பாக்கி இருக்கும்.

இங்கே உதாரணத்துக்கு ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பாதியில் வந்த ஐந்து வாட் ஆம்ப்ளிஃபையர் இது. முதன்முதலில் கட்டுகிறவர்கள் பலர் தேர்ந்தெடுப்பதும் இதைத்தான். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, கடைசியில் ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3, மொத்தம் மூன்றே வால்வு. 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதி கிட்டார் சிக்னலைப் பெருக்குகிறது, அதன்பின் வால்யூம், பிறகு இரண்டாம் பாதி, கடைசியில் 6வி6. வேறு சர்க்யூட் கட்டியிருந்தாலும் தேடும் முறை மாறாது, வால்வுக் கால்களின் பின் எண்களை மட்டும் உங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

இந்தச் சின்னப் பெட்டிக்குள் 350 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனைகளிலும் காப்பிட்ட கிளிப் வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியதும் ஒரு கிளிப் சேஸிஸில் (ஆம்ப்ளிஃபையரின் உலோக உடல்), மற்றது முதல் ஃபில்ட்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவில். பத்து விநாடி விட்டு, மீட்டரில் மூன்று கெப்பாசிட்டர்களையும் அளந்து 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க வைக்கும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கையும் சுடும். முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகவே பற்றவைத்துவிட்டால், சுவிட்சை அணைத்து ஒரு நிமிடத்துக்குள் தானே வடிந்துவிடும். இருந்தாலும் அளக்காமல் தொடாதீர்கள்.

மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றினால் ஹம் (மின்சார லைனிலிருந்து வரும் தாழ்ந்த முனகல்) குறைகிறது என்று யாராவது சொன்னால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஹம் குறையலாம்தான். ஆனால் டிரான்ஸ்பார்மரில் ஒரு கசிவு வந்தால் 230 வோல்ட் சேஸிஸுக்கு வரும், அங்கிருந்து கிட்டார் கம்பிக்கும் வரும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்ளிஃபையரை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போடுங்கள். பல்பு பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: இரைச்சல் ஆம்ப்ளிஃபையருடையதுதானா? கிட்டார் கேபிளைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் கிட்டாரிலோ கேபிளிலோ வீட்டிலோ இருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் இருக்கும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினால் ஹம் ஏறி இறங்கும், அது காற்றில் வரும் காந்தப்புலம். ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் மலிவான எல்இடி விளக்குகளும் 'ஜ்ர்ர்' என்ற கூர்மையான சத்தத்தைத் தரும். கரண்ட் போனபோது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டிச் சோதிக்காதீர்கள். அந்த அலைவடிவமே ஆம்ப்ளிஃபையருக்குள் இரைச்சலாக வரும், இல்லாத குற்றத்தைத் தேடி ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

ஹம்மின் சுருதி

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே லைன் 60 ஹெர்ட்ஸ், அதனால் அவர்கள் 60, 120 என்று பேசுவார்கள். நமக்கு 50, 100. இந்த இரண்டையும் காதால் பிரிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அந்த ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் அதைவிட ஒரு நூலிழை மேலே, கிட்டத்தட்ட அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். இது ரெக்டிஃபையருக்குப் பின்னால் பிறக்கும் ஹம். ஃபில்ட்டர் கெப்பாசிட்டரையோ, எர்த் வயர்கள் ஓடும் வழியையோ சந்தேகப்பட வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே, 'ம்ம்ம்' என்று மென்மையாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயரிங், டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், ஷீல்டு இல்லாத கிரிட் (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) வயர் ஆகியவை இதன் ஊற்றுகள். ரெக்டிஃபையரின் ஒரு பாதி வேலை செய்யாவிட்டாலும் 100 ஹெர்ட்ஸ் 50 ஆக மாறிவிடும். அப்போது டிசி வோல்ட்டேஜும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

சேம்ப்பில் இருக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸைச் சரியாகக் கொடுக்காது என்பதால் காதை மட்டும் நம்பாதீர்கள். அலைவரிசையைக் கோடுகளாகக் காட்டும் ஆப் ஒன்றை மொபைலில் போட்டு ஸ்பீக்கர் முன் வைத்தால் 50, 100, 150 எல்லாம் தனித்தனியே தெரியும்.

எந்தக் கட்டத்தில் நுழைகிறது

கேபிளைப் பிடுங்கிவிட்டு வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால், அது வால்யூமுக்குப் பின்னால் நுழைகிறது: இரண்டாம் பாதி, 6வி6, பவர் சப்ளை ஆகியவற்றில் ஏதோ ஒன்று. வால்யூமைத் திருப்பத் திருப்ப ஏறினால் முதல் பாதியோ இன்புட் ஜாக்கோ காரணம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. வால்யூமைப் பாதி வழியில் வைத்தால் ஹம் உச்சம், முழுதும் திறந்தால் குறைகிறது என்றால், வால்யூமின் நடுக்காலிலிருந்து இரண்டாம் பாதியின் கிரிட்டுக்குப் போகும் வயர்தான் ஹம்மைப் பிடிக்கிறது. 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர் நடுவில் நிற்கும்போது அந்த வயர் பார்க்கும் எதிர்ப்பு சுமார் 250 கிலோ ஓம்வரை ஏறும். எதிர்ப்பு ஏறினால் அந்த வயர் ஆன்டெனாவாகிவிடும். அதை ஹீட்டர் வயரிலிருந்து விலக்கி சேஸிஸ் உலோகத்தோடு ஒட்டி ஓடவிடுங்கள். போதாவிட்டால் ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இன்னும் குறுக்கிப் பார்க்க கிரிட்டுகளை எர்த் செய்யுங்கள். கீழே சொல்லும் மூன்று கிரிட்டுகளிலும் டிசி வோல்ட்டேஜ் இல்லை, அதனால் வெறும் கிளிப் வயரே போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அணைத்து, வடித்து, கிளிப்பை மாட்டி, பிறகு மீண்டும் போட்டுக் கேட்க வேண்டும். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் 6வி6-இன் 5-ஆம் பின். இதை எர்த் செய்தும் ஹம் நிற்கவில்லை என்றால் பவர் சப்ளையோ அவுட்புட் டிரான்ஸ்பார்மரோதான். முன்னால் தேட வேண்டாம். நின்றால் 12ஏஎக்ஸ்7-இன் 7-ஆம் பின், அடுத்து 2-ஆம் பின். எந்த இடத்தை எர்த் செய்தும் இரைச்சல் நிற்கவில்லையோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் சோதித்த இடத்துக்கும் நடுவில்தான் அது நுழைகிறது.

பிளேட்டுகளில் (வால்விலிருந்து பெருகிய சிக்னல் வெளிவரும் முனைகள்) உயர் வோல்ட்டேஜ் உண்டு, அங்கே கெப்பாசிட்டர் வழியாகத்தான் எர்த் செய்ய வேண்டும். 0.1 மைக்ரோஃபாரட் போதும் என்று பல குறிப்புகளில் இருக்கும். இரைச்சல் மேல் ஸ்தாயியில் இருந்தால் சரி. 50 ஹெர்ட்ஸுக்கு அது 32 கிலோ ஓம் எதிர்ப்பு, ஹம்மை அடக்காது. 1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். கழற்றிய பிறகு அதையும் வடித்துவிடுங்கள்.

சோதனைக்காக 6வி6-ஐப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். சுமை போய்விட்டால் டிசி 450 வோல்ட்டையும் தாண்டலாம், 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் தாங்காது. கிரிட்டை எர்த் செய்தாலே அதே பதில் கிடைக்கும்.

100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளை

மூல சர்க்யூட்டில் மூன்று ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள்: 16, 8, 8 மைக்ரோஃபாரட். நடுவே 10 கிலோ ஓம், 22 கிலோ ஓம். ஆம்ப்ளிஃபையர் சுமார் 45 மில்லியாம்பியர் இழுக்கும். 16 மைக்ரோஃபாரடில், நம் 50 ஹெர்ட்ஸ் லைனில், முதல் கெப்பாசிட்டரில் 6 முதல் 8 வோல்ட் வரை ஏசி நெளிவு (டிசிமேல் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இருப்பது கணக்குப்படியே சரி. மீட்டரை ஏசியில் வைத்து அளந்து பயந்துவிடாதீர்கள். இரண்டாவது கெப்பாசிட்டரில் அது 0.15 வோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். மூன்றாவதில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான் மிஞ்ச வேண்டும். இரண்டாவதில் ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ கண்டால் அந்தக் கெப்பாசிட்டர் செத்துவிட்டது, அல்லது அதன் நெகட்டிவ் சால்டர் பிடிக்கவில்லை. புதிதாகக் கட்டியதில் இந்தச் சால்டர் குற்றம்தான் அதிகம். அதே மதிப்புள்ள, நன்றாக இருப்பது தெரிந்த ஒன்றைக் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். துருவம் மாறாமல், அணைத்து வடித்த பிறகு.

60 ஹெர்ட்ஸுக்காக வரைந்த சர்க்யூட் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது நெளிவு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதனால் 16-க்குப் பதில் 22, மற்ற இரண்டுக்கும் 10 அல்லது 22 போடுவது நல்லது. ஆனால் முதல் கெப்பாசிட்டரை 100 ஆக்கிவிட்டால் 5ஒய்3-இன் ஆயுள் குறையும். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அதன் வழியாகப் பாயும் மின்துடிப்பு அளவுக்கு மீறிவிடும்.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி உண்டு. 5ஒய்3-க்குப் பின்னால் 22 மைக்ரோஃபாரட் அப்படியே இருக்கட்டும். அதற்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் அதன்பின் 47 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேருங்கள். இழப்பது பத்து வோல்ட். நெளிவு ஆறில் ஒரு பங்காகிவிடும். ரெக்டிஃபையர் நேராகப் பார்ப்பது 22-ஐ மட்டும்தான், அதனால் அதற்குச் சுமை ஏறாது. சேம்ப் போன்ற ஒற்றை 6வி6 ஆம்ப்ளிஃபையரில் இது முக்கியம். இரட்டை வால்வு ஆம்ப்ளிஃபையரில் இரு பக்கமும் வரும் நெளிவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றையில் அந்த வசதி கிடையாது.

எர்த்: பெரும்பாலான ஹம் இங்கேதான் பிறக்கிறது

ஃபில்ட்டர் நன்றாக இருந்தும் 'ஜ்ர்ர்' என்று முள் முள்ளாக 100 ஹெர்ட்ஸ் கேட்டால் எர்த் வயர்கள் போகும் வழியைப் பாருங்கள். எர்த் என்றால் எங்கே பற்றவைத்தாலும் ஒன்றுதான் என்ற நினைப்பில் பக்கத்தில் இருக்கும் லக்கில் எல்லாவற்றையும் பற்றவைத்துவிடுவது இயல்பு. வயருக்கும் சேஸிஸுக்கும் எதிர்ப்பு கொஞ்சம் உண்டு, அதுதான் சிக்கல். டிரான்ஸ்பார்மரின் நடு டேப்பிலிருந்து (சுற்றின் நடுவிலிருந்து வரும் வயர்) முதல் கெப்பாசிட்டருக்கு நொடிக்கு நூறு முறை பெரிய மின்துடிப்புகள் ஓடுகின்றன. அவை ஓடும் வழியில் சில மில்லிவோல்ட் பிறக்கும். இன்புட் ஜாக்கின் எர்த்தும் அதே வழியில் தொங்கினால் அந்த மில்லிவோல்ட் கிட்டார் சிக்னலோடு சேர்ந்து முழுவதும் பெருகும்.

சரியான வரிசை இதுதான். ஹைவோல்ட்டேஜ் நடு டேப்பை சேஸிஸில் பற்றவைக்காதீர்கள். நேராக முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலுக்கே கொண்டுபோங்கள், அந்தத் துடிப்புகள் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றட்டும். 6வி6-இன் கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான்களை உமிழும் முனை) இருக்கும் 470 ஓம் ரெசிஸ்டர், அதன் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டாவது ஃபில்ட்டர், ஸ்பீக்கர் ஜாக் ஆகியவற்றின் எர்த்தும் இந்தப் பவர் புள்ளிக்கே வரட்டும். மூன்றாவது ஃபில்ட்டர் 12ஏஎக்ஸ்7-க்குச் சோறு போடுவது. அதன் நெகட்டிவ், 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு கேத்தோடு எர்த்துகள், வால்யூமின் கீழ்க்கால் எல்லாம் இன்னொரு புள்ளியில், இன்புட் ஜாக் பக்கமாகச் சேரட்டும். இரண்டு புள்ளிகளையும் ஒரே ஒரு தடித்த வயரால் இணைத்து, சேஸிஸோடு இன்புட் ஜாக்கில் மட்டும் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்புட் ஜாக்கின் உலோகக் கழுத்து சேஸிஸைத் தொடும், ஸ்பீக்கர் ஜாக்கும் தொடும். இரண்டும் தொட்டால் சேஸிஸே இரண்டாவது வழியாகிவிடும். ஸ்பீக்கர் ஜாக்கைப் பிளாஸ்டிக் உடம்புள்ளதாக மாற்றுங்கள், அல்லது ஃபைபர் வாஷர் போட்டுப் பிரித்துவிடுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் எர்த்தைப் பற்றவைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நட்டு ஒருநாள் தளர்ந்தால் எர்த்தும் அத்தோடு போகும், எப்போதாவது வந்து எப்போதாவது போகும் ஹம்மாக அது உங்களை அலைக்கழிக்கும்.

மெயின் பிளக்கின் பச்சை வயருக்குத் தனி போல்ட் வேண்டும். பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, டிரான்ஸ்பார்மர் போல்ட்டோடு சேர்க்காமல் இறுக்குங்கள்.

50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர்

மூல 5எஃப்1-இல் 6.3 வோல்ட் ஹீட்டரின் ஒரு வயர் நேராக எர்த்தில் போகிறது. வேலை செய்யும், ஆனால் ஹம் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். அந்த எர்த்தை எடுத்துவிட்டு, இரண்டு வயரிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டரை எர்த்துக்குக் கொண்டுவாருங்கள். இரு வயரிலும் எதிரெதிர் வோல்ட்டேஜ் வரும், ஹம் ஒன்றையொன்று அழிக்கும். உங்கள் டிரான்ஸ்பார்மரின் ஹீட்டர் சுற்றில் நடு டேப் ஏற்கெனவே இருந்து அது எர்த்தாகியிருந்தால் இந்த ரெசிஸ்டர்கள் வேண்டாம். இரண்டு ரெசிஸ்டர்களின் சந்திப்பை எர்த்துக்குப் பதில் 6வி6-இன் 8-ஆம் பின்னில் சேர்த்தால் ஹீட்டர் முழுதும் 20 வோல்ட் அளவு உயர்ந்து நிற்கும். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் ஹம் இதனால் நிற்கும். செலவில்லாத வேலை, எல்லோரும் செய்யலாம்.

வயர்கள் இரண்டையும் இறுக்கமாகப் பின்னுங்கள், ஜடை பின்னுவது போல, நடுவில் இடைவெளி தெரியக்கூடாது. 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 பின்கள் சேர்ந்து ஒரு முனை, 9-ஆம் பின் மற்றொன்று. 6வி6-இல் 2-உம் 7-உம். கிரிட் வயரை ஹீட்டர் வயர் கடந்தே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம்.

ஹம் ஹீட்டரிலிருந்துதானா என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. எமர்ஜென்சி விளக்கில் வரும் 6 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஏஎக்ஸ்7-க்கு 0.3 ஆம்பியரும் 6வி6-க்கு 0.45 ஆம்பியரும், ஆக 0.75 ஆம்பியர்தான் வேண்டும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி தாராளமாகத் தரும். டிரான்ஸ்பார்மரின் ஹீட்டர் வயர்களைச் சாக்கெட்டிலிருந்து அவிழ்த்து முனைகளுக்குத் தனித்தனியே டேப் சுற்றுங்கள். 100 ஓம் ரெசிஸ்டர்களையும் விலக்கிவிட்டு பேட்டரியை அந்த இடத்தில் இணைத்து, அதன் நெகட்டிவை எர்த் செய்யுங்கள். 5ஒய்3-க்குத் தனிச் சுற்று உண்டு, அதைத் தொட வேண்டாம். அரை நிமிடம் சூடேறட்டும். ஹம் காணாமல் போனால் காரணம் ஹீட்டர் வயரிங் அல்லது கசியும் வால்வு. அப்படியே இருந்தால் ஹீட்டரை மறந்துவிட்டு டிரான்ஸ்பார்மரையும் கிரிட் வயர்களையும் பாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் வைத்த திசையும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்குக் காரணமாகலாம். பவர் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் நேராகப் பாய்ந்தால், வால்வு எதுவும் இல்லாமலே ஹம் கேட்கும். துளை போடும் முன்பே பார்த்துவிடுவது சிறந்தது. மூன்று வால்வுகளையும் பிடுங்கிவிடுங்கள். 5ஒய்3-உம் இல்லாததால் டிசி இருக்காது, ஆனால் அதன் சாக்கெட்டில் உயர் வோல்ட்டேஜ் ஏசி இருக்கும், கை வைக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் பக்கத்தில் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் மாட்டி, மெல்லத் திருப்பிப் பாருங்கள். அளவு மிகக் குறையும் கோணத்தில் பொருத்துங்கள். பெரும்பாலும் இரண்டு மையங்களும் 90 டிகிரியில் நிற்கும் இடமாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வாங்கிய, 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்பார்மரை இங்கே போட்டால் மையம் காந்தப்புலத்தைத் தாங்காமல் சூடாகும், தானே முனகும், புலத்தையும் அதிகமாகக் கசியவிடும். வாங்கும்போதே 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஊளை

சுவிட்ச் போட்டு வால்வு சூடேறியதும், வால்யூமைத் தொடாமலே காதைப் பிளக்கும் ஊளை வந்தால் பயப்பட வேண்டாம். புதிதாகக் கட்டிய சேம்ப்பில் இது மிகச் சாதாரணம். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக இரண்டாம் பாதியின் கேத்தோடுக்குத் திரும்பும் ஃபீட்பேக் தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த 22 கிலோ ஓமின் ஒரு காலை அவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். ஊளை நின்றால் உறுதி. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி வயர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டு ரெசிஸ்டரை மீண்டும் பற்றவைத்தால் போதும். வயர் நிறங்களை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வால்யூமை முக்கால் பங்கு ஏற்றிய பிறகே வரும் கீச்சு வேறு. 6வி6-இன் பிளேட் வயர் முன்பக்கக் கிரிட் வயருக்கு அருகே ஓடுகிறது. சேஸிஸைத் திறந்து வைத்து, காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வயராக மெல்லத் தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது கீச்சு மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. 68 கிலோ ஓம் இன்புட் ரெசிஸ்டரை ஜாக்கில் தொங்கவிடாமல் வால்வு சாக்கெட்டின் 2-ஆம் பின்னிலேயே பற்றவைத்தால் கீச்சும் குறையும், ரேடியோ ஸ்டேஷன் கேட்பதும் நிற்கும். 6வி6-இன் கிரிட்டில் 1.5 கிலோ ஓமும் ஸ்க்ரீனில் (அதன் இரண்டாவது கிரிட்) 470 ஓம், 1 வாட்டும் சேர்த்தால் காதுக்கு எட்டாத ஊளையும் அடங்கும். அந்த வகை ஊளையை, சத்தம் மெலிந்து இழுபடுவதிலும் 6வி6-இன் பிளேட் சிவப்பதிலும்தான் கண்டுபிடிக்க முடியும். பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

'புட் புட்' என்று மோட்டார் படகு போல மெதுவாக அடித்தால் மூன்றாவது ஃபில்ட்டர் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்.

கடுகு பொரிவது, 'ஸ்ஸ்', மணிச்சத்தம்

எண்ணெயில் கடுகு பொரிவது போல விட்டுவிட்டுப் படபடத்தால் முதல் சந்தேகம் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர்கள்மேல். பழைய கார்பன் காம்போசிஷன் வகை என்றால் 1 வாட் மெட்டல் ஃபிலிமாக மாற்றிவிடுங்கள். 'ஸ்ஸ்' என்ற காற்றுச் சத்தமும் இதனாலேயே பாதி குறையும். முழு வால்யூமில் லேசான 'ஸ்ஸ்' இருக்கத்தான் செய்யும், அதை அடியோடு ஒழிக்க முடியாது.

அடுத்த சந்தேகம், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் 0.02 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால், கான்டாக்ட் கிளீனர் அடிக்கும் முன் கெப்பாசிட்டர் டிசியைக் கசியவிடுகிறதா என்று பாருங்கள். அணைத்து வடித்து, கிரிட் பக்கத்துக் காலை அவிழ்த்து, அந்தக் காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை டிசியில் மாட்டிவிட்டு சுவிட்ச் போடுங்கள். முதலில் வோல்ட்டேஜ் துள்ளும், பிறகு அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். சில வோல்ட்டில் நின்றுவிட்டால் அது கசிகிறது, தூக்கிப் போடுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் மட்டும் படபடக்கும் ஆம்ப்ளிஃபையர்களில் ஃபைபர் போர்டே ஈரம் குடித்துக் கசியவிடுவதுண்டு. ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மீண்டும் பாருங்கள். மங்கலாக, மணல் பிடித்தது போல இருக்கும் சால்டர் இணைப்புகளைப் புதுச் சால்டர் விட்டு மறுபடி உருக்குங்கள்.

12ஏஎக்ஸ்7-ஐப் பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டுங்கள். மெல்லிய 'டொக்' எல்லா வால்விலும் கேட்கும். மணி அடித்தது போல நீண்டு ஒலித்தால் அந்த வால்வைக் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் முதல் கட்டத்தில் வைக்க முடியாது. சேம்ப்பில் இருப்பதே ஒரு 12ஏஎக்ஸ்7 என்பதால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாங்கும்போதே இரண்டு வாங்கிவைத்தால் சோதிக்கவும் உதவும்.

கேபிள் மாட்டாதபோது மட்டும் வால்யூமோடு ஏறும் ஹம், கேபிளை மாட்டி கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கினால் நிற்கிறதா? இன்புட் ஜாக்கின் சுவிட்ச் தகடு சிக்னல் முனையை எர்த் செய்யவில்லை. தகட்டை லேசாக வளைத்துச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் முடிந்தபின் கேபிளைப் பிடுங்கி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மில்லிவோல்ட் பாருங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் அமைதியான அறையில், ஸ்பீக்கரோடு காதை ஒட்டினால்தான் ஹம் கேட்கும். அந்த எண்ணையும், 6வி6-இன் பிளேட் வோல்ட்டேஜ் (330 முதல் 360 வரை), அதன் கேத்தோடு (17 முதல் 22), 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு பிளேட்டுகள் (140 முதல் 200), மூன்று ஃபில்ட்டர்களின் ஏசி நெளிவு ஆகியவற்றையும் தேதியோடு ஒரு துண்டுத்தாளில் எழுதி பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை ஹம் வரும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்பதிலிருந்தே தேடத் தொடங்கலாம்.